பக்கத்து வளவுக் கிணறு உவர்

நெடுந்தீவில் எங்கள் வளவுக் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. கல்வேலிக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கிற பக்கத்து வளவுக் கிணறு உவர். ஏன் அப்படி என்று எனக்குத் தெரியாது. நிலத்துக்குக் கீழே நடக்கிறதை ஆர் கண்டது. பக்கத்து வீட்டுப் பெண் கலியாணம் கட்டி இங்கே வந்த நாளிலிருந்து குடிக்கவும் சமைக்கவும் எங்கள் கிணற்றில்தான் அள்ளுகிறாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். என்னை அக்கா என்பாள், நான் பிள்ளை என்பேன். விடிய வருவாள். முதலில் என் குசினி வாசலில் இருக்கிற நீலக் குடத்தை நிரப்பிவிட்டுத்தான் தன் குடத்தைத் தொடுவாள். அப்படிச் செய் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. தண்ணீர் தருகிற வீட்டுக் குடம் முதலில் நிரம்ப வேண்டும் என்பது அவளுடைய தாய் வீட்டுப் பழக்கமாம். எனக்கும் அது வசதியாகப் போய்விட்டது. எழும்பி வந்தால் தேத்தண்ணிக்குத் தண்ணீர் தயாராக இருக்கும்.

என் மனுசனுக்குக் காலில் திருக்கை மீன் முள் குத்தியபிறகு கடலுக்குப் போக ஏலாமல் போனது. அப்போதுதான் நான் வருகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு சமைக்கத் தொடங்கினேன். குறிகாட்டுவானிலிருந்து காலைப் படகில் ஆட்கள் தீவைச் சுற்றிப் பார்க்க வருவார்கள். காட்டுக் குதிரைகளையும் பருத்த பெருக்கு மரத்தையும் இடிந்த கோட்டையையும் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு பின்னேரப் படகில் திரும்பிவிடுவார்கள். நடுவிலே அவர்களுக்குப் பசிக்கும். அந்தப் பசிதான் எங்கள் வருமானம். அவர்களை இறங்குதுறையிலிருந்து என்னிடம் கூட்டி வந்தது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரியின் புருசன்தான். அவன் ஓட்டோ ஓடுகிறவன்.

இப்படி நாலைந்து வருசம் போனபிறகு ஒருநாள் அவள் கிணற்றடியில் நின்று, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, நானும் வாற ஆக்களுக்குச் சமைச்சுக் குடுத்தால் என்ன எண்டு யோசிக்கிறன். பிள்ளையளின்ரை படிப்புச் செலவு ஏறிக்கொண்டு போகுது. நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"இதென்ன பிள்ளை, என்னட்டைக் கேட்டே செய்யப்போறீர்? செய்யும். ஆண்டவர் எல்லாருக்கும் வழி விடுவார்."

எவ்வளவு நல்ல வாய் பாருங்கள். சொல்லிவிட்டு உள்ளே வந்து, அரிந்து முடித்த வெங்காயத்தையே திரும்ப அரிந்தேன். அவள் வந்து கேட்டதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கேளாமல் தொடங்கியிருந்தால் கோபிக்கவாவது ஒரு சாட்டு இருந்திருக்கும்.

என் மகள் யாழ்ப்பாணத்தில் வர்த்தகம் படிப்பிக்கிறாள். போனில் புலம்பினேன். "போட்டி நல்லதம்மா. போட்டி இல்லாட்டி நீங்கள் செத்தாலும் அந்த ஒரே மீன் குழம்பைத்தான் வைப்பியள்" என்றாள். வகுப்பில் சொல்கிற குரலிலேயே சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. அடுத்த மாதமே நான் நண்டுக்கறி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒடியல் கூழ் காய்ச்சினேன். விளிம்பு உடைந்த கோப்பைகளை எறிந்துவிட்டுப் புதுக் கோப்பைகள் வாங்கினேன். கக்கூசுக் கதவுக்கு ஒருவழியாகக் கொளுக்கி போட்டேன். வந்தவர்களுக்கும் நன்மை, எனக்கும் பெருமை. இவ்வளவோடு நின்றிருந்தால் போட்டியைப் பற்றி நான் நல்லபடியாகவே எழுதியிருப்பேன்.

பிரச்சினை என்னவென்றால் அவளிடம் ஓட்டோ இருந்தது. தான் ஏற்றுகிற ஆட்களைத் தன் பெண்சாதியிடம் கூட்டிப் போகாமல் அவன் என்னிடமா கூட்டி வருவான்? நானென்றாலும் அதைத்தான் செய்திருப்பேன். நியாயம் தெரிந்தாலும் ஒழுங்கையில் ஓட்டோச் சத்தம் கேட்டால் அகப்பையும் கையுமாக நின்றுவிடுவேன். சத்தம் எங்கள் படலையில் குறைகிறதா, தாண்டிப் போய்க் குறைகிறதா? தாண்டிப் போய்க் குறைந்தால் அன்றைக்குக் கறிக்கு உப்புக் கூடிப்போகும். கால் நீட்டி இருந்து பூண்டு உரிக்கிற என் மனுசன் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பூண்டை எடுப்பார். அவருடைய காலும், மருந்தும், இந்த வீடும் என் அடுப்பில்தான் நின்றன. அந்தப் பயத்தை நான் கூட்டிச் சொல்லவில்லை. உண்மையிலேயே பயந்துதான் போயிருந்தேன்.

அப்படியிருக்கையில் கொழும்பிலிருந்து ஒரு புருசனும் பெண்சாதியும் வந்து சாப்பிட்டார்கள். தமிழ் ஆட்கள். அந்த அம்மா கை கழுவிக்கொண்டே, "பக்கத்திலயும் ஒரு போர்ட் போட்டிருக்கே, அங்க சாப்பாடு எப்படி?" என்று கேட்டா.

"சமையல் நல்லாத்தான் இருக்கும். நல்ல பிள்ளை. ஆனா அந்த வளவுக் கிணறு உவர்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் மூன்றும் உண்மை. அவள் சமையல் நல்லது, அவள் நல்ல பிள்ளை, அவள் வளவுக் கிணறு உவர். அவள் சமைக்கிற தண்ணீர் என் கிணற்றிலிருந்து போகிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்த அம்மா முகத்தைச் சுளித்துத் தன் தண்ணீர்க் கோப்பையை ஒருமுறை பார்த்தா. எனக்கு உடனே விளங்கிவிட்டது, இந்த வசனம் வேலை செய்கிறது என்று.

பிறகு கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேளாதவர்களுக்கும் சொன்னேன். வேறு ஓட்டோக்காரர்கள் நிற்கும்போதும் சொன்னேன். ஒருநாள் ஆட்கள் போனபிறகு என் மனுசன், "இஞ்சாரும், அந்தத் தண்ணிக் கதை தேவையில்லாதது" என்றார். "பொய்யே சொன்னனான்?" என்று கேட்டேன். அவர் தன் பூண்டுக்குத் திரும்பிவிட்டார்.

நான் செய்தது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அறிய வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை. என் கிணற்றடியிலேயே தெரிந்தது. அவள் சமைக்கத் தொடங்கிய காலத்தில் விடிய மூன்று குடம் அள்ளினாள். இரண்டு மாதத்தில் அது இரண்டாயிற்று. பிறகு ஒன்று. ஒரு குடம் என்றால் வீட்டுச் சமையலுக்கு மட்டும்தான். குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பேன். முதலில் சந்தோசமாக இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அந்த ஒற்றைக் குடத்தோடு வருகிற நாட்களிலும் அவள் என் நீலக் குடத்தை நிரப்பிவிட்டுத்தான் போனாள். அந்தத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணியைப் பாதியோடு வைத்துவிடுவேன்.

வேதக் கோயிலில் பெண்கள் பக்கத்தில் நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருப்போம். அயலவரைத் தன்னைப்போல நேசிக்கவேண்டும் என்ற கட்டளையைப் பற்றிச் சுவாமியார் அந்த நாட்களில் ஒரு பிரசங்கம் வைத்தார். அயலவர் என்பது தூரத்தில் அடிபட்டுக் கிடக்கிற ஒருவராகவும் இருக்கலாம் என்றார். தூரத்தில் கிடக்கிறவர் எனக்கு லேசு. காயத்தைக் கட்டி, சோறும் போட்டு அனுப்பிவிடுவேன். அவர் எனக்குப் பக்கத்தில் போர்ட் போட்டுச் சோறு விற்கப்போவதில்லையே. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுகிற நேரம் அவள் திரும்பிக் கைகூப்பிச் சிரித்தாள். நானும் கூப்பினேன். அடுத்த கிழமை சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது, அடுப்பை நூர்க்காமல் வந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அடுப்பு அன்றைக்கு மூட்டப்படவேயில்லை.

பிறகு மகளின் போன் வந்தது. சந்தோசத்தில் கத்தினாள். "அம்மா, உங்களைப் பற்றி ஆரோ எழுதியிருக்கினம். அஞ்சு நட்சத்திரம்!" எங்கள் வீட்டைப் போனில் தெரிகிற வரைபடத்தில் அவள்தான் போட்டுவைத்திருந்தாள். சாப்பிட்டுப் போனவர்கள் அதில் எழுதுவார்களாம். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னாள். நண்டுக்கறி அருமை. வீட்டுக்கார அம்மா அன்பானவர். பக்கத்து வீட்டில் உவர்த் தண்ணீரில் சமைக்கிறார்கள் என்று நேர்மையாக எச்சரித்தார். ஆகவே இங்கேயே சாப்பிடுங்கள்.

நேர்மையாக.

"அதை அழிக்க ஏலுமோ?" என்றேன்.

"ஏனம்மா? நல்லதுதானே எழுதியிருக்கு."

"அழிக்க ஏலுமோ எண்டு கேட்டனான்."

எழுதினவர்தான் அழிக்கலாமாம். எழுதினவர் எந்த ஊரோ, எந்த நாடோ. வேண்டுமென்றால் அதற்குக் கீழே நாங்கள் பதில் எழுதலாம் என்றாள். ஒன்றும் வேண்டாம் என்று போனை வைத்தேன்.

பக்கத்து வீட்டுக்காரியின் மூத்த மகள் ஆங்கிலம் வாசிப்பாள். புருசன் இறங்குதுறையில் படகுக்குக் காத்து நிற்கிற நேரமெல்லாம் போனும் கையுமாகத்தான் நிற்பான். கண்ணில் படாமல் எத்தனை நாள் போகும்? விடியப்புறம் வாளி கிணற்றுக்குள் விழுகிற சத்தத்துக்கு விழித்துவிடுவேன். பாயிலிருந்தபடி காதைக் கொடுத்துக்கொண்டு கிடப்பேன். முதல் தண்ணீர் நீலக் குடத்துக்குள் விழுந்தால் அவளுக்கு இன்னும் தெரியாது. அந்தச் சத்தம் கேட்டபிறகுதான் மூச்சு வரும். ஒரு நாள் தப்பினேன் என்று எழும்பி வேலையைப் பார்ப்பேன். பின்னேரம் திரும்பப் பயம் ஏறும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு நாள் போனது. அவள் ஒழுங்கையால் போகும்போது என்னைப் பார்க்காமல் போனால் தெரிந்துவிட்டதோ என்று பதறினேன். பார்த்துச் சிரித்தால் அதற்கும் பதறினேன்.

ஒரு புதன்கிழமை வாளி விழுந்தது, தண்ணீர் ஊற்றுப்பட்டது, சத்தம் வேறாக இருந்தது. நீலக் குடத்தின் சத்தம் எனக்குத் தெரியும். கதவைத் திறந்து வந்தேன். குடம் வெறுமையாக இருந்தது. அவள் தன் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை" என்றேன்.

"என்னக்கா?"

"ஒண்டுமில்லை."

"ஒரு குடம்தான் அள்ளினனான். எங்களுக்கு அது காணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். அவள் ஏசவில்லை. எல்லாம் தெரிந்தபிறகும் அடுத்த நாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள். வராமல் எங்கே போவாள்? அவளுக்கு வேறு நல்ல தண்ணீர் இல்லை. தன்னைப் பற்றிக் கதை கட்டினவளின் கிணற்றுக்குத் தலையைக் குனிந்துகொண்டு வந்து அள்ளிப்போகத்தான் வேண்டும். இத்தனை வருசமும் தண்ணீர் கொடுக்கிறேன் என்பதை என் புண்ணியக் கணக்கில் வைத்திருந்தேன். சமையலில் போட்டி போட்டாலும் கிணற்றை மறிக்கவில்லையே என்று மனதுக்குள் நெஞ்சை நிமிர்த்தியும் இருக்கிறேன். நண்டுக்கறி வைத்தது போட்டி. கோப்பை மாற்றியது போட்டி. கிணற்றில் அள்ள விட்டுவிட்டு அந்தத் தண்ணீரையே அவளுக்கு எதிராகச் சொன்னது போட்டியில் சேராது. அது கேடுகெட்ட வேலை. வேறு பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அன்றைக்கே மகளைப் போனில் கூப்பிட்டேன். "அதுக்குக் கீழே பதில் எழுது. நான் சொல்லுறன்" என்றேன். பக்கத்து வீட்டில் சமைப்பதும் எங்கள் கிணற்றுத் தண்ணீரில்தான், இரண்டு வீட்டுக்கும் ஒரே தண்ணீர், அது தெரிந்திருந்தும் நான் மறைத்துச் சொன்னேன், பிழை என்னுடையது.

மகள், "அம்மா, இதைப் போட்டால் உங்களிட்டையும் ஒருத்தரும் வரமாட்டினம். பொய் சொன்ன வீடு எண்டு நீங்களே எழுதிக் குடுக்கிறியள். ஒரே தண்ணி எண்டு மட்டும் போடுவம், மிச்சம் வேண்டாம்" என்றாள்.

மனம் அதற்கு உடனே சரி என்றது. எனக்கு என் மனதைத் தெரியும், வேலியில் எங்கே ஒரு பொட்டு இடைவெளி தெரிந்தாலும் புகுந்துவிடும். போனுக்குப் பக்கத்தில் இருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் மனுசனைப் பார்த்தேன். அவர் காலைத் தடவிக்கொண்டு, "முழுக்கப் போடச் சொல்லும்" என்றார். முழுக்கப் போட்டோம்.

போட்டபிறகு பெரிய ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அந்தத் துணிவில் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் குசினியில் மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கதிரை காட்டவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பிள்ளை, நான் போனிலை..."

"வாசிச்சனாங்கள். இறங்குதுறையிலை எல்லாரும் வாசிச்சிட்டினம்." அவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏனக்கா, உலகத்துக்கெல்லாம் எழுதினியள். இந்த வேலியைத் தாண்டி வந்து எனக்கு முதல் சொல்ல ஏலாமல் போச்சே?"

அந்த யோசனை எனக்கு வந்ததேயில்லை என்பதுதான் உண்மை. முகம் தெரியாத ஊர் ஆட்களிடம் பிழையை ஒப்புக்கொள்வது லேசாக இருந்திருக்கிறது. எட்டி நடந்தால் வந்துவிடுகிற இந்த வாசல் தூரமாக இருந்திருக்கிறது. அழுதுவிட்டேன். "என்னை மன்னியும்" என்றேன்.

"அடுப்பு எரியுது அக்கா. பிறகு கதைப்பம்" என்று சொல்லிக் குனிந்து கிழங்கை எடுத்தாள்.

அந்தப் பிறகு வரவில்லை. மகள் சொன்னதுதான் நடந்தது. ஒழுங்கையில் ஓட்டோக்கள் தாண்டித் தாண்டிப் போயின. இரண்டு நாள் நண்டு வாங்கி எங்களுக்கே சமைத்தோம், மூன்றாம் நாள் வாங்கவில்லை. மருந்து முடிகிற நாளை என் மனுசன் எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தார். நான் அவருக்குத் தெரியாமல் மாத்திரை மட்டையை எடுத்துப் பார்த்துக்கொண்டேன். உண்மை சொன்னால் பயம் போய்விடும் என்று யார் சொன்னார்களோ தெரியாது. எனக்குப் போகவில்லை. பழைய பயம் போய், அந்த இடத்தில் இன்னொரு பயம் வந்து இருந்துகொண்டது. கிணற்றடியில் அவள் குடம் மட்டும் இரண்டாகி மூன்றாகியது. அதைப் பார்க்கும்போது நெஞ்சு ஆறுகிற மாதிரியும் இருந்தது, வேகிற மாதிரியும் இருந்தது. நீலக் குடத்தை ஒவ்வொரு நாளும் நானே நிரப்பினேன்.

மூன்று கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை. படகு நிறைய ஆட்கள். அவள் வீட்டு முற்றத்தில் பேச்சும் சிரிப்பும் வேலிக்கு மேலால் கேட்டுக்கொண்டிருந்தது. நான் குசினிக்குள் இருந்து, எங்கள் இரண்டு பேருக்குமான சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். படலை திறக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். நாலு பேர், கழுத்தில் கமராவோடு, வெயிலில் சிவந்துபோய் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஓட்டோக்காரன், அவளுடைய புருசன், படலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வீட்டிலை ஆக்கள் கூடிப்போச்சாம். இவையளுக்கு இஞ்சை சாப்பாடு குடுக்க ஏலுமோ எண்டு கேட்டுவிட்டவ" என்றான்.

"ஏலும், ஏலும், இருக்கச் சொல்லும்" என்றேன். களைந்த அரிசிக்குள் இன்னும் நாலு சுண்டு அரிசியைக் கொட்டினேன். என் மனுசன் நொண்டிக்கொண்டு போய்க் கதிரைகளை இழுத்துப் போட்டார்.

தண்ணீர்க் கோப்பைகளைக் கொண்டுபோய் வைத்தேன். வந்தவர்களில் மூத்த அம்மா கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தா.

"இந்தத் தீவில தண்ணி உப்பு எண்டு ஆரோ சொன்னவை. எங்களுக்குக் கொஞ்சம் பயம்தான்" என்றா. "அங்க அந்தத் தங்கச்சி சொல்லித்தான் அனுப்பினவ. பயப்பிடாமல் போய்ச் சாப்பிடுங்கோ, அக்கா வீட்டிலையும் இதே தண்ணிதானாம்."

வெறுங்கோப்பையை வாங்கிக்கொண்டு குசினிக்கு வந்தேன். வாசலில் நீலக் குடம் பாதிக்கு இறங்கியிருந்தது, விடிய நான் அள்ளி வைத்த தண்ணீர். அதில் மொண்டு கோப்பையைத் திரும்ப நிரப்பிக்கொண்டு போனேன்.